எபாக்சிப் பிசினும் மீநுண் சிலிகாவும்: உரப்படுத்தும் முறையும் அதனை உணர்த்தும் சொற்களும்

1. முன்னுரை

பொருளின் இயல்பை அறிதற்கும் அதனைக் குறிக்கும் சொல்லை வரையறுத்தற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சொல் மயங்கின் பொருளறிவு மயங்கும். பொருளறிவு மயங்கின் தொழில் பிழைபடும். இலக்கணம் பயில்வோர் இதனை நூல் வாயிலாக அறிவர்; தொழிற்கூடத்தில் நிற்போர் தம் கை வாயிலாக அறிவர். எபாக்சி என்னும் செயற்கைப் பிசினைச் சிலிகாவின் மிகச் சிறு துகள்களால் உரப்படுத்தும் முறை இன்று வேதியியலாரும் பொறியியலாரும் பெரிதும் ஆராய்ந்து வரும் ஒன்றாகும். அம்முறையைத் தமிழில் விளக்கப் புகுவார்க்கு ‘உறுதி’ என்னும் ஒரு சொல் போதாது. அச்சொல்லுள் அடங்கிக் கிடக்கும் பல பண்புகளைப் பிரித்து உணர்ந்தாலன்றி இம்முறையின் சிறப்பு விளங்காது என்பதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்த்துறை இதழ் ஒன்றில் பிசினுக்கும் மணலுக்கும் இடம் யாது எனச் சிலர் வினவலாம். ஓசூரும் கிருட்டிணகிரியும் அடங்கிய எல்லைப்புறப் பகுதியை நினைப்பின் விடை கிடைக்கும். 2004-ஆம் ஆண்டு வரை தருமபுரி மாவட்டத்தின் கூறாக இருந்து, அவ்வாண்டில் தனி மாவட்டமான இப்பகுதி, கன்னட நாட்டை ஒட்டியது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கு வழங்கும் இயல்பினது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கு அமைந்த பின்னர் ஊர்தித் தொழிலும் கடிகாரத் தொழிலும் பொறியுறுப்புத் தொழிலும் பெருகின. அண்மை ஆண்டுகளில் மின்னூர்தித் தொழிலும் மின்னணுத் தொழிலும் வந்து சேர்ந்துள்ளன. மலைகளிலிருந்து கருங்கல் வெட்டிப் பலகையாக்கும் தொழிலோ இம்மாவட்டத்திற்கே பெயர் தந்தது. இத்தொழில்களிற் பலவற்றில் செயற்கைப் பிசின்கள் பயன்படுகின்றன. அவற்றைக் கையாளும் இளைஞர் பலர் தமிழ்வழிப் பயின்றவர். கலத்தின் மேல் ஒட்டிய குறிப்போ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது.

இப்பகுதிக்கும் அறிவியல் தமிழுக்கும் பழந்தொடர்பு ஒன்றும் உண்டு. 1916-இல் சேலத்தில் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குதற்கெனச் சங்கம் ஒன்று தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவரான இராசாசி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்தவர். வேதியியலை எளியோர்க்கு உரைக்கும் ‘திண்ணை ரசாயனம்’ என்னும் நூலும் அவர் இயற்றியதே. அவ்வூரைச் சூழ்ந்தே இன்று வேதியியற் பொருள்கள் நாள்தோறும் கையாளப்படுவதால், அப்பணியைத் தொடர்தல் தமிழ் கற்றார்க்கும் கடனாகும்.

2. எபாக்சிப் பிசினின் இயல்பு

மரத்தினின்று வடியும் கசிவைப் பிசின் என்றும் குங்கிலியம் என்றும், பூச்சியினின்று கிடைப்பதை அரக்கு என்றும் நம் முன்னோர் வழங்கினர். எபாக்சியோ மனிதன் ஆக்கிய பிசின். 1930-களின் இறுதியிலும் 1940-களிலும் சுவிட்சர்லாந்து நாட்டுப் பியர் காசுத்தான் என்பாரும், அமெரிக்க நாட்டுச் சில்வன் கிரீன்லீ என்பாரும் தனித்தனியே இதனைக் கண்டு வளர்த்தனர். 1946-இல் சீபா நிறுவனம் அரால்டைட்டு என்னும் பெயரால் இதனைப் பசையாக விற்பனைக்குக் கொணர்ந்தது. சிறுகடைகளிலும் இரு குழாய்களாக விற்கும் அப்பசையை அறியாதார் இலர்.

ஓர் ஆக்சிசன் அணுவும் இரு கார்பன் அணுக்களும் முக்கோணமாக இணைந்த வளையமே எபாக்சி வளையம் எனப்படும். இவ்வளையம் இறுக்கமாக வளைக்கப்பட்ட வில் போன்றது. தக்க துணை கிட்டின் விரைந்து திறக்கும். பிசினின் மூலக்கூறு ஒவ்வொன்றும் இரு முனைகளிலும் இவ்வளையத்தைத் தாங்கி நிற்கும். அதனுடன் கலக்கப்படும் இரண்டாம் நீர்மம் அமீன் வகையினதாயின், அதன்கண் நைட்ரசனோடு இணைந்துள்ள ஐதரசன் ஒவ்வொன்றும் ஒரு வளையத்தைத் திறந்து பிணைப்பை உண்டாக்கும். இவ்வாறு எத்திசையும் பிணைப்புகள் பெருகி, நீர்மமாக இருந்த கலவை முழுதும் ஒரே வலையாக மாறிவிடும். அரக்கைச் சூடாக்கின் இளகும். மீண்டும் ஆறின் இறுகும். எபாக்சியோ ஒருமுறை வலையாகி இறுகியபின் எவ்வளவு சூடாக்கினும் உருகி ஓடாது. வெப்பம் மிகின் கருகும்.

இவ்விரண்டாம் நீர்மத்தைத் தொழிலாளர் ‘ஹார்டனர்’ என்பர். அதனைக் ‘கடினமாக்கி’ என மொழிபெயர்ப்பாரும் உளர். இப்பெயரே ஒரு பிழைக்கு வாயிலாகின்றது. கடினமாக்குவது இதுவாயின், மிகுதியாக ஊற்றின் மிகுதியாகக் கடினமாகும் எனக் கருதுதல் இயல்பன்றோ? உண்மை வேறு. வளையங்களின் தொகையும் ஐதரசன்களின் தொகையும் ஒத்திருத்தல் வேண்டும். வழக்கமான எபாக்சிப் பிசின் 100 பங்கிற்கு டிரையெத்திலீன் டெட்ரமீன் என்னும் அமீன் ஏறத்தாழ 13 பங்கே போதுமானது. அதனின் மிகின், துணை பெறாத அமீன் முனைகள் வலையுள் தொங்கி நிற்கும், வலை தளரும், ஈரத்தை ஈர்க்கும். குறையின், திறவாத வளையங்கள் எஞ்சும். பிசின் இறுகாது பிசுபிசுக்கும். பாலில் இடும் உறைமோர் போன்றதன்று இது. உறைமோர் சிறிது கூடினும் குறையினும் தயிர் உறையும். நெசவில் பாவிற்கு ஊடை எவ்வாறோ அவ்வாறே பிசினுக்கு இந்நீர்மம். இரண்டும் சேர்ந்தே துணி. ஆதலின் இதனைப் ‘பிணைப்பான்’ எனல் பொருந்தும். பெயரே அளவின் இன்றியமையாமையை நினைவூட்டும்.

3. உறுதி என்பதன் நால்வகை

இறுகிய எபாக்சி நன்கு ஒட்டும், நீருக்கும் பல வேதிப்பொருள்களுக்கும் ஈடுகொடுக்கும், மின்சாரத்தைக் கடத்தாது. இத்துணை நலன்களுடன் ஒரு குறையும் அதற்கு உண்டு. அக்குறையைக் கூறுதற்கு முன் நான்கு பண்புகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

வன்மை என்பது மேற்பரப்பில் கீறலும் பள்ளமும் விழாது எதிர்க்கும் பண்பு. விறைப்பு என்பது சுமை ஏற்றுங்கால் வளைந்து கொடாத பண்பு. வலிமை என்பது முறிதற்கு முன் ஒரு பொருள் தாங்கும் பெருஞ்சுமையின் அளவு. இம்மூன்றின் வேறாய் நான்காவது ஒன்று உண்டு. ஏற்கெனவே சிறு விரிசல் ஒன்று தோன்றிய பொருளில், அவ்விரிசல் ஓடாது தடுக்கும் பண்பே அது. அதனை ‘முறியாமை’ என இக்கட்டுரை குறிக்கும்.

கண்ணாடிக் குவளைக்கு வன்மையும் விறைப்பும் உண்டு, முறியாமை இல்லை. ஒரு சிறு கீறல் போதும், அது நொடியில் ஓடிக் குவளையைப் பிளந்துவிடும். மூங்கிற் கழி கண்ணாடியைப் போல் வன்மையுடையதன்று. ஆயினும் குறுக்கே வெட்டிய வடு அதனை எளிதில் முறித்துவிடுவதில்லை. வழக்கில் இரண்டையும் ‘உறுதி’ என்றோ ‘கெட்டி’ என்றோ கூறிவிடுகிறோம். அன்றாட வாழ்வுக்கு அது போதும், பொறியியலுக்குப் போதாது.

எபாக்சியின் குறை இப்போது விளங்கும். அதன் வலையில் பிணைப்புகள் நெருங்கியுள்ளமையால் விறைப்பு மிகுதி. அந்நெருக்கமே முறியாமையைக் குறைக்கின்றது. விரிசல் வருங்கால் அதன் முனையிலுள்ள பொருள் சிறிது நீண்டும் குழைந்தும் கொடுத்தால் ஆற்றல் அங்கே செலவாகி விரிசல் தளரும். இறுகிய வலையோ குழைய மாட்டாது. விரிசல் தங்குதடையின்றி ஓடும்.

இக்குறை நீக்குதற்கு முதலிற் கண்ட வழி, மென்மையான இரப்பர்த் துகள்களைப் பிசினுள் கலப்பதாகும். அதனால் முறியாமை பெருகிற்று. ஆயின் விறைப்புக் குறைந்தது. ஒன்றைப் பெற மற்றொன்றை இழத்தல் நேர்ந்தது. இரண்டையும் ஒருங்கே பெறுதல் எவ்வாறு என்னும் வினாவுக்கு விடையாக வந்ததே மீநுண் சிலிகா.

4. பிசினும் பொடியும் கலத்தல்: நம் நாட்டு மரபு

பிசினுள் கற்பொடி கலந்து உரப்படுத்தும் கருத்து நமக்குப் புதிதன்று. திருக்கோயில்களில் படிமத்தைப் பீடத்தோடு பொருத்தற்கு இடும் அட்டபந்தனம் இதற்குச் சான்று. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, சுக்கான் தூள், கற்காவி, சாதிலிங்கம், செம்பஞ்சு, எருமை வெண்ணெய் என எண்வகைப் பொருள் கூறுவர். இவற்றை நோக்கின் ஓர் ஒழுங்கு புலனாகும். அரக்கும் குங்கிலியமும் பிணைக்கும் பிசின், சுக்கானும் காவியும் நிரப்பும் கற்பொடி, பஞ்சு இழை, மெழுகும் வெண்ணெயும் இளக்கம் தருவன. பிசின், பொடி, இழை என்னும் மூன்றும் கூடிய இத்தகைய பொருளை இன்றைய பொறியியலார் கூட்டுப்பொருள் என்பர். இதனை நெடுநேரம் இடிப்பதன் பயன்களுள் ஒன்று, பொடி எங்கும் ஒருபடித்தாகப் பரவுதல். பரவுதலே உரத்திற்கு அடிப்படை என்பதனை அக்கைவினைஞர் பழக்கத்தால் உணர்ந்திருந்தனர் எனலாம். எனினும் இதனை மிகைப்படுத்தல் ஆகாது. அட்டபந்தனம் வெம்மையால் இளகும் இயற்கைப் பிசினால் ஆயது. அதன் பொடி கண்ணாற் காணத்தக்க பருமையுடையது. இன்றைய முறை அளவாலும் பிணைப்பாலும் வேறுபட்டது.

5. மீநுண் சிலிகா

சிலிகா என்பது சிலிக்கனும் ஆக்சிசனும் கூடிய பொருள். ஆற்றுமணலிலும் கருங்கல்லிலும் அது படிகமாக உள்ளது; நெல்லுமியின் சாம்பலிலும் பெரும்பகுதி சிலிகாவே. பிசினை உரப்படுத்தப் பயன்படுவது படிகமற்ற சிலிகா; அதனை நீர்மக் கரைசலினின்று வளர்த்தெடுப்பர். 1968-இல் சுட்டோபர், பிங்கு, போன் என்னும் மூவர், எத்தனாலில் அம்மோனியாவின் துணைகொண்டு சிலிக்கன் சேர்மம் ஒன்றைச் சிதைத்து, ஒத்த பருமனுடைய சிலிகா உருண்டைகளைப் பெறும் வழியை வெளியிட்டனர். இம்முறையும் இதனை ஒத்த பிற முறைகளும் இத்துறைக்கு அடிப்படையாயின.

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கின் ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். ‘நுண்’ என்னும் அடைமொழி மீட்டரின் பத்து இலட்சத்திலொரு கூற்றுக்கு ஏற்கெனவே வழங்குதலின், அதனினும் ஆயிரம் மடங்கு சிறியதாகிய இதனை ‘மீநுண்’ எனல் தெளிவு தரும். இங்குக் கருதும் துகள் 20 நானோமீட்டர் குறுக்களவுடையது. தலைமயிரின் தடிப்பில் சில ஆயிரத்தில் ஒரு பங்கே ஆகும்.

அளவு சிறுத்தலால் விளையும் மாறுதல் யாது? மேற்பரப்பின் பெருக்கமே ஆகும். 20 நானோமீட்டர் உருண்டைகள் ஒரு கிராம் கொண்டால், அவற்றின் மேற்பரப்பெல்லாம் கூடி ஏறத்தாழ 136 சதுர மீட்டர் ஆகும். அரைக் கிரவுண்டு மனையினும் மிகுதி. அதே ஒரு கிராம் ஆயிரம் மடங்கு பருத்த உருண்டைகளாயின் அப்பரப்பும் ஆயிரத்திலொரு பங்காகக் குறைந்து ஒரு பெரிய தட்டின் அளவாகிவிடும். பிசினும் சிலிகாவும் சந்திக்கும் இடம் மேற்பரப்பே ஆதலின், சிறிது சிலிகா பெரும் விளைவைத் தருகின்றது.

இந்நலத்தினுள்ளேயே இடரும் உண்டு. சிலிகாவின் மேற்பரப்பில் ஐதரசனும் ஆக்சிசனும் இணைந்த தொகுதிகள் நிறைந்துள்ளன. அவை நீரை விரும்புவன. எண்ணெய்த் தன்மையுடைய பிசினை விரும்பாதன. ஆதலின் திருத்தப்படாத துகள்கள் பிசினுள் இட்டவுடன் ஒன்றையொன்று பற்றிக் கட்டிகளாகத் திரளும். கஞ்சியில் மாவு கட்டிப்பட்டது போன்ற நிலை அது. கட்டி ஒவ்வொன்றும் விரிசல் தொடங்குதற்கு இடமாகும். உரப்படுத்த இட்ட பொருளே கேடு செய்யும்.

6. மேற்பரப்பைத் திருத்துதல்

இவ்விடரை நீக்குவதே ‘திருத்திய சிலிகா’ என்பதிலுள்ள திருத்தம். இதற்குச் சிலேன் என்னும் சேர்மங்கள் உதவுகின்றன. சிலேன் மூலக்கூறு இரு கைகள் உடைய ஒருவனைப் போன்றது. ஒரு கை சிலிகாவின் மேற்பரப்பைப் பற்றிச் சிலிக்கன்–ஆக்சிசன்–சிலிக்கன் என்னும் வலிய பிணைப்பை உண்டாக்கும். மறுகை பிசினுக்கு உறவானது. சில சிலேன்களில் அக்கையில் எபாக்சி வளையமே அமைந்திருக்கும், வேறு சிலவற்றில் அமீன் தொகுதி அமைந்திருக்கும். கலவை இறுகுங்கால் அக்கையும் வலையிற் பிணைந்து கொள்ளும்.

இதனால் விளையும் பயன் இரண்டு. துகள்கள் ஒன்றையொன்று பற்றாது பிசினுள் தனித்தனியே பரவுதல் முதலாவது. பிசினுக்கும் துகளுக்கும் இடையே உறவு உண்டாதல் இரண்டாவது. நன்கு பரவியதா என்பதனைக் கண்ணாலேயே ஓரளவு அறியலாம். துகள் ஒளியலையினும் மிகச் சிறியது ஆதலின், தனித்தனியே பரவிய கலவை தெளிந்தே தோன்றும். கலங்கித் தோன்றின் கட்டிகள் உள என ஐயுறல் வேண்டும். மேலும், நன்கு பரவிய துகள்கள் பிசினின் ஓட்டத்தைப் பெரிதும் கெடுப்பதில்லை. கண்ணாடி இழைகளுக்கோ கரி இழைகளுக்கோ இடையே பிசினைப் பாய்ச்சுங்கால், பருத்த பொடிகள் இழைகளால் வடிகட்டப்பட்டுப் புறத்தே நின்றுவிடும்; மீநுண் துகளோ பிசினோடு உட்புகும்.

7. விரிசல் தளரும் வகை

திருத்திய சிலிகா எவ்வளவு பயன் தரும் என்பதற்கு 2007-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று தக்க சான்று. இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் கின்லாக், டெய்லர் முதலியோர் அதனை நிகழ்த்தினர். ஏறத்தாழ 20 நானோமீட்டர் துகள்களைக் கன அளவில் நூற்றுக்கு 13 பங்கு எபாக்சியுட் சேர்த்தனர். ஒரு சதுர மீட்டர் அளவு விரிசலைத் திறத்தற்கு வேண்டும் ஆற்றல் 100 சூலிலிருந்து 460 சூலாக உயர்ந்தது. விறைப்பும் உயர்ந்தது. பிசின் நெகிழத் தொடங்கும் வெப்பநிலை மாறவில்லை. இரப்பரால் இயலாத ஒன்று, அஃதாவது விறைப்பையும் முறியாமையையும் ஒருங்கே பெறுதல், இங்குக் கைகூடிற்று.

இதற்குக் காரணம் யாது என்பது மேலும் சுவையுடையது. ஓடிவரும் விரிசல் துகள்களில் முட்டி நிற்கும் என்றோ, அவற்றைச் சுற்றி வளைந்து செல்லும் என்றோ கருதுதல் எளிது. அவ்வாய்வாளர் இவ்விரு விளக்கங்களையும் ஆராய்ந்து தள்ளினர். அவர் கண்டது வேறு. விரிசல் முனையின் இழுவிசையால் துகளுக்கும் பிசினுக்கும் இடையே பற்று விடுகின்றது. துகளைச் சுற்றி மிகச் சிறு புழை தோன்றுகின்றது. அப்புழை விரியுங்கால் சூழ்ந்த பிசின் குழைந்து நீள்கின்றது. ஈரக் களிமண்ணுள் பதிந்த கூழாங்கல்லை மெல்ல அசைப்பின், கல்லைச் சுற்றி மண் விலகிக் குழிவதை இதற்கு ஒப்பாகக் கொள்ளலாம். குழையாத பிசினைக் குழைவிப்பதே துகளின் தொழில். எண்ணிறந்த இடங்களில் இவ்வாறு நிகழ்தலின் விரிசலின் ஆற்றல் ஆங்காங்கே செலவாகிறது. 2010-இல் கின்லாக், டெய்லர் ஆகியோரின் குழு வெளியிட்ட மற்றோர் ஆய்வு, துகள்களைச் சூழ்ந்து பிசின் பட்டை பட்டையாகச் சறுக்கிக் குழைதலையும் இதனோடு சேர்த்துக் கூறியது. எல்லாத் துகளும் பற்று விடுவதில்லை எனவும் காட்டியது.

இதனால் ஓர் உண்மை பெறப்படும். வன்பொருளைச் சேர்த்தமையால் பிசின் வன்மையுற்றது என்னும் எளிய விளக்கம் இங்குப் பொருந்தாது. பற்று அறவே இல்லையெனின் துகள்கள் கட்டிப்படும். பற்றுச் சிறிதும் விடாதெனின் புழை தோன்றாது. பற்றவும் வேண்டும், தக்க பொழுதில் விடவும் வேண்டும். அன்றியும் பிசினின் வகை, பிணைப்பானின் வகை ஆகியவற்றிற்கேற்பப் பயனின் அளவு மாறும். குழையும் இயல்பு சிறிதும் இல்லாத வலையில் துகள் மட்டும் பெரும்பயன் விளைக்காது.

8. எல்லைப்புறத் தொழில்களும் இவ்வறிவும்

இவ்வறிவின் பயனை ஓசூர்ப் பகுதியின் தொழில்களோடு ஒட்டிக் காணலாம். பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா என்னும் இருவர் பயிற்சி விமானம் 1993-இல் முதன்முதற் பறந்தது. அதன் உடல் இழையும் பிசினும் கூடிய கூட்டுப்பொருளால் ஆயது. அவ்வகை விமானங்கள் ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியிலுள்ள தனேசா நிறுவனத்தின் தொழிற்சாலையில் உருவாயின. அவற்றில் மீநுண் சிலிகா இருந்தது என்பது கருத்தன்று. இழைகளுக்கு இடையேயுள்ள பிசின் விரியாதிருத்தல் ஒரு பயணியின் உயிரோடு எத்துணைத் தொடர்புடையது என்பதே கருத்து.

கருங்கல் தொழிலில் எபாக்சியின் இடம் வேறு. அறுத்த பலகையில் இயற்கையான மென்கீற்றுகள் இருக்கும். பலகையை உலர்த்தி, ஓட்டம் மிக்க எபாக்சியைப் பூசி, கீற்றினுள் புகவிட்டு, இறுகிய பின் மெருகிடுவர். ஆங்குத் தேவை ஓட்டமும் பற்றும். மின்னணு உறுப்புகளைப் பொதியும் எபாக்சியில் பருத்த சிலிகாப் பொடி பெருமளவு கலப்பர். வெப்பத்தால் பிசின் மிகுதியாக விரிவதைக் குறைத்தல் அதன் நோக்கம். ஒரே பிசின், ஒரே சிலிகா. தொழில்தோறும் வேண்டும் பண்பு வெவ்வேறு. எப்பண்பு வேண்டும் என்று சொல்லத் தெரியாதவன் எப்பொடி இடுவது என்று தெரிவு செய்யமாட்டான்.

உடல்நலம் பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும். இறுகாத எபாக்சியும் அமீனும் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமையை உண்டாக்கும். அது ஒருமுறை தோன்றின் பின்னர் மிகச் சிறிதளவு பட்டாலும் அரிப்பும் கொப்புளமும் வரும்; தொழிலையே கைவிட நேர்ந்தாரும் உளர். கையுறை இன்றி இவற்றைத் தொடல் ஆகாது. பெருங்கலத்தில் மிகுதியாகக் கலந்து வைப்பின், பிணைப்பு நிகழுங்கால் எழும் வெப்பம் வெளியேற வழியின்றிக் கலவை புகையவும் கூடும். கருங்கல் அறுக்குமிடத்தில் எழும் தூசியில் படிகச் சிலிகா உண்டு. அது நுரையீரலிற் படிந்து, தீர்க்கலாகாச் சிலிக்கோசிசு நோயைத் தரும். பிசினுட் சேர்க்கும் சிலிகா படிகமற்றது. நீர்மத்துள் அடங்கியிருக்கும் வரை பறவாது. ‘சிலிகா’ என்னும் ஒரு பெயர் இரண்டையும் குறித்தலின், ஒன்றற்குரிய அச்சத்தை மற்றொன்றன்மேல் ஏற்றுதலும், ஒன்றற்குரிய அச்சமின்மையை மற்றொன்றன்மேல் ஏற்றுதலும் நேரலாம். பின்னது உயிர்க்கு இறுதி விளைக்கும். இறுகிய பிசினைத் தேய்க்குங்காலும் அறுக்குங்காலும் எழும் தூசியையும் மூச்சுடன் கொள்ளாது காத்தல் வேண்டும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் எபாக்சியை மீநுண் சிலிகாவால் உரப்படுத்தல் மூன்று படிகளை உடையது என்பது பெறப்பட்டது. துகளை மீநுண் அளவில் ஆக்குதல் ஒன்று. சிலேனால் அதன் மேற்பரப்பைத் திருத்திப் பிசினுள் தனித்தனியே பரப்புதல் இரண்டு. விரிசல் வருங்கால் துகளைச் சூழ்ந்த பிசின் குழைதற்கு வழி செய்தல் மூன்று. இவற்றுள் எதனையும் ‘உறுதியாக்குதல்’ என்னும் பொதுச்சொல் ஒன்றால் விளக்க இயலாது. வன்மை, விறைப்பு, வலிமை, முறியாமை என நான்காகப் பிரிப்பின் தமிழிலேயே தெளிவாக விளக்கலாம். கடினமாக்கி என்பதை விடுத்துப் பிணைப்பான் என்பதும், படிகச் சிலிகா, படிகமற்ற சிலிகா என அடைகொடுத்தே வழங்குவதும் இத்தெளிவுக்குத் துணையாகும்.

இச்சொற்களே முடிந்த முடிபு என்பது நம் கருத்தன்று. தொழிற்கூடத்தார் வாயில் வழங்கும் சொல் இவற்றினும் சிறந்ததாக இருப்பின் அதனையே கொள்ளல் வேண்டும். ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதியின் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் தொழிற்கூடங்களிலும் மும்மொழியாளர் பிசினையும் கல்லையும் பற்றி வழங்கும் சொற்களைத் தமிழ்த்துறை மாணவர் சென்று தொகுத்தல் பயனுடைய ஆய்வாகும். அகராதிக்கு அது புதுச் சொல் தரும். கலத்தின் மேல் தமிழிலே தெளிந்த குறிப்பு எழுதுதற்கும் அது வழி செய்யும்.